கண்டனூரில் ஒரு டம்ளர் சீனித் தண்ணீர்

போன சனிக்கிழமை காலை, கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழைந்தேன். முழங்கால்வரை செம்மண். சட்டையில் முள் கிழித்த கிழிசல். என் தோளில் சாய்ந்தபடி, நிற்கத் தடுமாறும் ஒரு நண்பன்.

பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? விடிந்ததும் விடியாததுமாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான்!

அப்படி நினைக்காத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அதனால்தான் இந்த வாரம் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நண்பன் யார் என்கிறீர்களா? சேவியர்தான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைப்போலவே நாற்பதைத் தாண்டியவன். போன வருஷம் ஏதோ வேலையாக மதுரைக்குப் போனவன், ஒரு கியர் சைக்கிளோடு திரும்பி வந்தான். தடித்த டயர், நேரான ஹாண்டில்பார், டயரில் முதலை முதுகு மாதிரி மேடு பள்ளம். மலையேறுவதற்கென்றே செய்ததாம்.

காரைக்குடியில் ஏது மலை? குன்றக்குடியில் ஒன்று, பிள்ளையார்பட்டியில் ஒன்று. ஒன்றின் உச்சியில் முருகன் உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றைக் குடைந்து பிள்ளையார் குடியிருக்கிறார். சைக்கிளுக்கு இடமில்லை.

ஆனால் சேவியர் வேறு இடம் கண்டுபிடித்தான். கோட்டையூர் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண் காடு. பழைய மாட்டுவண்டித் தடம், ஆடு போன தடம், விறகு லாரி உழுதுவிட்டுப் போன தடம், கண்மாய்க்கரை... மழை அரித்த பள்ளத்தில் இறங்கி, எதிர் மேட்டில் மூச்சு வாங்க ஏறி, சரளைக்கல் தெறிக்கப் பாய்ந்தால் — மலை எதற்கு?

ஒரு மாதம் அவனைக் கேலி செய்தேன். அடுத்த மாதம் நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

அதிலிருந்து லீவு விட்ட சனிக்கிழமையெல்லாம் எங்களுக்குக் காடுதான். அவன் முன்னால், நான் பின்னால். வழி முழுக்க அவன் தலைக்குள் இருந்தது. எந்தக் கிளைத்தடம் எந்தக் கண்மாயில் முடியும், எது முள்ளுக்குள் கொண்டுபோய் விடும் என்று யோசிக்காமல் சொல்வான். நான் அவனுடைய பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மிதிப்பேன். வழி தெரிந்தவனோடு போவதில் ஒரு சுகம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? நாம் எங்கே இருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிய வேண்டியதில்லை!

இந்த சைக்கிள்களில் ஒரு வேடிக்கை. கம்பெனிக்காரன் கியர் நிறைய கொடுத்திருக்கிறான், கேரியர் கொடுக்கவில்லை. மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லும் இல்லை. அதனால் சேவியரின் மனைவி ஸ்டெல்லா கட்டித்தரும் இட்லிப் பொட்டலம் ஒரு துணிப்பையில் ஹாண்டில்பாரில் தொங்கியபடிதான் வரும். காட்டைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம்.

போன சனிக்கிழமை கண்மாய்க்கரைக்குப் போய் இறங்கினோம். பையைக் காணோம்.

காது அறுந்து எங்கோ விழுந்திருக்கிறது. போனால் போகட்டும், ரோட்டுக்குப் போய் டீக்கடையில் ஏதாவது சாப்பிடலாம் என்றேன். சேவியர் கேட்கவில்லை. ஸ்டெல்லா விடியலில் எழுந்து அவித்தது, தேடி எடுத்தே ஆக வேண்டும் என்றான். சரி, திரும்பினோம்.

வந்த தடத்திலேயே திரும்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் குறுக்கு வழி என்று அவன் தைலமரக் காட்டுக்குள் திருப்பினான். தைலமரக் காட்டைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? வரிசை வரிசையாக ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே சாம்பல் நிறம். கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் ஒரே காட்சி. நடுவில் ஒரு பெரிய கறையான் புற்று. அதைத் தாண்டிப் போனோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு புற்று. அட, இதுவும் அதே மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அதன் பக்கத்தில் எங்கள் டயர் தடம் தெரிந்தது.

சேவியர் வழி தவறி நான் பார்த்ததே இல்லை.

சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதா, நீ சும்மா வா என்றான். ஒரு கிளைத்தடத்தில் நின்று வலப்பக்கம் கை காட்டிவிட்டு இடப்பக்கம் திரும்பினான். கொஞ்ச தூரத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டான். குன்றக்குடி மலை தெரிகிறது பார் என்றான். அங்கே தைலமரத்தைத் தவிர எதுவும் இல்லை.

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விளையாட்டில்லை என்று தெரிந்தது.

தை மாதக் காலை. எனக்குக் காது மடல் சில்லிட்டிருந்தது. அவனுக்கோ வேர்வை சட்டையை நனைத்து, முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது, நடுங்கியது. என்னைப் பார்த்து, ஜான் எப்போது வந்தாய் என்று கேட்டான். ஜான் அவனுடைய தம்பி. திருச்சியில் இருக்கிறான்.

“சேவியர், என்னடா செய்யுது? சொல்லு.”

கண்ணைச் சுருக்கி யோசித்தான். ஒரு நிமிஷம் தெளிந்தவன் மாதிரி இருந்தது.

“காலைல ஊசி போட்டேன்ல மாப்ளே... இன்னும் சாப்பிடல.”

ஊசியா?

அவனுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை போடுவதும் தெரியும். ஊசிக்கு மாறியது தெரியாது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும் — என் ஆபீஸில் ஒருவர் அப்படித்தான் ஒரு மத்தியானம் மேஜையிலேயே சரிந்தார். பக்கத்து சீட்டுக்காரர் டிராயரில் இருந்த மிட்டாய்தான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது.

என்னிடம் மிட்டாய் இல்லை. தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. இட்லி எங்கோ எறும்புக்கு விருந்தாகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தைலமரம். அதில் கடித்துத் தின்ன ஒரு இலையாவது உண்டா?

வழி தெரிந்தவன் மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். இனி நான்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். மரங்களுக்கு நடுவே வெட்டிவிட்ட ஒரு சந்தில் கரண்டுக் கம்பி போய்க்கொண்டிருந்தது. கம்பி என்றால் கம்பம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே போனால் ஏதாவது ஓர் ஊர் வந்துதானே ஆக வேண்டும்? எந்தப் பக்கம் போவது? காரைக்குடி எங்களுக்குப் பின்னால், மேற்கே இருக்க வேண்டும், அது தூரம். கிழக்கே கண்டனூர் பக்கம்தான். வெயில் முகத்தில் அடிக்கும் பக்கமாகத் திரும்பினேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து வா என்றேன். மாட்டேன் என்றான். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அடம். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன், என்னைத் திட்டக்கூடச் செய்தான். வாதாட நேரமில்லை. அவனை அவனுடைய சைக்கிளிலேயே உட்காரவைத்து, என்னுடையதை ஒரு புதருக்குள் கிடத்திவிட்டு, ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் அவன் தோளையும் பிடித்துத் தள்ளினேன்.

மிதித்துப் பாய்ந்த அதே தடம்தான். தள்ளிக்கொண்டு போகும்போது எவ்வளவு நீளம்! பள்ளத்தில் இறங்கும்போது சைக்கிள் என்னை இழுத்தது. மேட்டில் நான் அதை இழுத்தேன். ஒரு இடத்தில் இரண்டு பேரும் முள்ளுக்குள் விழுந்தோம். அவன் எழுந்திருக்க விருப்பமில்லாதவன் மாதிரி கண்ணை மூடினான். கன்னத்தில் தட்டினேன். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். கணக்கு வாத்தியார், முதல் இரண்டு வரியோடு நின்றுவிட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மரங்கள் முடிந்தன. பம்ப்செட், வயல், அதற்கு அப்பால் ஓட்டுக்கூரைகளும் மாடங்களும் தெரிந்தன. கண்டனூர்.

அப்பாடா என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஊர்த் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். அரண்மனை மாதிரி வீடுகள். ஆனால் வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம் காட்சி என்றால்தான் கதவு திறக்கும். நான் நுழைந்த தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒன்றைத் தட்டினேன். உள்ளே புறா படபடத்தது. அடுத்ததைத் தட்டினேன். பூட்டில் துரு. கத்திப் பார்த்தேன். ஒரு நாய் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அத்தனை பெரிய வீடுகள், ஒரு கரண்டி சீனி கொடுக்க ஆளில்லை!

அப்புறம்தான் உறைத்தது. நான் தட்டிக்கொண்டிருப்பதெல்லாம் பின்கட்டுக் கதவுகள். இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு அந்தப் பக்கம். சேவியரைச் சைக்கிளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன்.

முகப்புத் தெருவில், மூன்று வீடு தள்ளி, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பந்தல். லாரியில் இருந்து இறங்கும் அண்டாக்கள். மறுநாள் கல்யாணம். படியில் நின்று, வேலையாட்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் ஓர் ஆச்சி. ஐம்பது வயது இருக்கும். பந்தல்காரர் ஒருவர் எங்களைத் தடுக்க வந்தார். குடிகாரர்கள் என்றே நினைத்திருக்கிறார். ஆச்சி அவரை விலக்கிவிட்டு சேவியரின் முகத்தைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் தொட்டார்.

“ஊசி போடுறவுகளா?”

நான் தலையாட்டினேன்.

“எங்க அவுகளும் போடுறவுகதான். பதறாதீக.” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “சீனித் தண்ணி கொண்டா. கரைச்சுக்கிட்டு நிக்காத, அள்ளிப்போட்டுக் கொண்டா.”

முகப்பில், ஜமுக்காளத்தின்மேல், அந்தச் செம்மண்ணோடு அவனை உட்காரவைத்தார்கள். டம்ளர் வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆச்சி டம்ளரைச் சாய்த்தார். முழுங்குறீகளா, மெல்ல, மெல்ல என்று ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து கொடுத்தார். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. இரண்டாவது டம்ளரை அவனே பிடித்துக்கொண்டான்.

நானும் ஆச்சியும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாண வேலை அதுபாட்டுக்கு நடந்தது. யாரோ பூசணிக்காய் எண்ணிக்கொண்டு போனார்கள். மெல்ல அவன் உதட்டில் நிறம் வந்தது. கை நடுக்கம் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தான். தூண்களைப் பார்த்தான், தோரணத்தைப் பார்த்தான், ஜமுக்காளத்தில் தன் செருப்புத் தடத்தைப் பார்த்தான். என் பக்கம் திரும்பி, ரகசியமாகக் கேட்டான்:

“யார் வீட்டுக் கல்யாணம் மாப்ளே? நமக்குப் பத்திரிகை வந்துச்சா?”

நான் சிரித்தேன். ஆச்சியும் சிரித்தார். அப்புறம் அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இனிப்பு அவ்வளவு ருசியாக இருக்கும் என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியாது.

நிம்மதியில் ஒரு விசித்திரம் உண்டு. பயம் எழுந்து போனதும், அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இட்லியும் வெள்ளைப் பணியாரமும் வைத்து அவனைச் சாப்பிடவைத்தார் ஆச்சி. அவன் சாப்பிடச் சாப்பிட எனக்குக் கோபம் ஏறியது. ஏன்டா சொல்லவில்லை என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், ஊசி என்று சொன்னால் நீ என்னை சைக்கிளில் ஏற விட மாட்டாய் என்று பயந்தேன் என்று.

விட்டிருப்பேனா? யோசித்துப் பார்த்தால்... சந்தேகம்தான்.

நாம் எல்லோரும் இப்படித்தானே? கடன் வாங்கியதைச் சொல்லிவிடுவோம், பெண்டாட்டியோடு சண்டை போட்டதைச் சொல்லிவிடுவோம். உடம்பு சரியில்லை என்பதை மட்டும் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்துவைப்போம். அதுவும் ஆண்பிள்ளைகள். அதுவும் நாற்பதைத் தாண்டி, புது சைக்கிள் வாங்கியவர்கள்!

ஆச்சி தன் வீட்டு அம்பாசடரைக் கொடுத்து அனுப்பினார். போகிற வழியில் காட்டோரம் நிறுத்தி, என் சைக்கிளைத் தேடி எடுத்தேன். ஆடு மேய்க்கும் ஒருவர் அதை நிழலுக்கு இழுத்துப்போட்டு, எதற்காக இதற்கு பெல் இல்லை என்று யோசித்தபடி நின்றிருந்தார்.

சேவியர் வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. அவனையே சொல்லவைத்தேன். ஸ்டெல்லா கத்தவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

“ஊசி போடுறத உங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன் அண்ணே. அந்தத் தைரியத்துலதான் அனுப்பிக்கிட்டு இருந்தேன்.”

சேவியர் தலை குனிந்து நின்றான். பிறகு ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு பழைய சட்டையை வெட்டி, பட்டையான தோள்வார் வைத்துப் பை தைக்க உட்கார்ந்தார். அதில் இனி சீனி இருக்கும், வெல்லம் இருக்கும். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. காட்டுக்குப் போக வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அதில் என்னைவிட நிம்மதியாக மூச்சுவிட்டது சேவியர்தான்.

கண்டனூரில் இருந்து கிளம்பும்போதே ஆச்சி எங்களை மறுநாள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வேட்டி கட்டி, மனைவிமாரோடு நாலு பேருமாகப் போய்வந்தோம்.

டவுன் பஸ்ஸில்!