முன் பிரேக்கில் சந்தனம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்பதில் எனக்கு இன்றைக்கும் தகராறுதான். ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தட்டச்சு செய்பவர் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

டுரியான் துங்கால் டவுனில் ஒரு சைக்கிள் கடையில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் குழுவினர் ஒரு சிறு மலர் போடுகிறார்கள். சைக்கிளை நாமே சர்வீஸ் செய்வது நல்லதா, கடையில் கொடுப்பது நல்லதா என்று புதியவர்களுக்கு நான் எழுத வேண்டுமாம். கடைக்காரன் கடை என்றுதான் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வரவில்லை. சென்ற ஆண்டு நடந்ததை எழுதுகிறேன்.

1. அருணாசலம் அண்ணன்

அருணாசலம் அண்ணன் லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது, நடக்கவோ ஓட்டவோ செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால் எங்கள் கடையில் சைக்கிள் வாங்கினார். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்.

முதலில் சர்வீஸுக்கு எங்களிடம்தான் கொண்டுவந்தார். பிறகு போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார். இடது பக்க பெடலுக்கு மரை தலைகீழ் என்று தெரியாமல் திருப்பி, பெடல் மாட்டும் கிராங்கின் மரையையே தின்றுவிட்டு ஒருநாள் வந்து நின்றார். வெட்கப்படவில்லை. நாற்பது வருடம் பேனா பிடித்த கை, பழகட்டும் என்றார்.

என் முதலாளிக்கு இது பிடிக்காது. சாமான் விற்கலாம், வேலை சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது கடைச் சட்டம்.

"அண்ணே, அடுத்து பல்லையும் வீட்லயே புடுங்கிக்குவீங்களா?" என்று கேட்பார்.

"ஏன், ஒங்க கடையில புடுங்குனா மட்டும் வலிக்காதா லா?" என்பார் அண்ணன்.

நான் பேசத் தெரியாதவன். அந்தச் சட்டம் எனக்கு வசதியாகவே இருந்தது. ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றால், என் கை அவருக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். அவர் பார்த்துக்கொள்வார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரு வருடத்தில் அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. சக்கரத்தின் நடுவில் பேரிங் இறுக்குவதில் அவர் வேலை என் வேலையைவிடச் சுத்தம். எனக்கு முன்னால் எப்போதும் எட்டு சைக்கிள் காத்திருக்கும். அவருக்கு ஒன்றுதான்.

2. ஆயுத பூசை

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசை அன்று எங்கள் ஸ்பானர், பம்பு எல்லாவற்றையும் கழுவி வைப்போம். பழகிய வாடிக்கையாளர்களும் தங்கள் சைக்கிளைக் கொண்டுவந்து கடை முன் நடையில் வரிசையாக நிறுத்துவார்கள். முதலாளி சூடம் காட்டுவார். சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை.

சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தால் இரும்பில் நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதனால் விளக்கு நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குழைப்பேன். ஒரு வாரம் ஆனாலும் பொட்டு அப்படியே இருக்கும். இது நானே கண்டுபிடித்த கைவேலை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

அந்த முறை வரிசையில் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் அண்ணனுடையது ஒன்றுதான். ஹேண்டில்பாரில் வைத்தேன், சீட்டுக்குக் கீழே வைத்தேன். முன் சக்கரத்தில் அந்த டிஸ்க் வட்டமாக, பளபளவென்று முகம் மாதிரி இருந்தது. அங்கேயும் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறவன் நான். அன்றைக்குக் கையில் ஸ்பானர் இல்லை, சந்தனக் கிண்ணம் இருந்தது. நான் மெக்கானிக் என்பதே அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

3. டேம் இறக்கம்

அந்த வார ஞாயிறு காலை, டேம் பக்கத்து இறக்கத்தில் அண்ணன் விழுந்தார். இரண்டு பிரேக்கும் பிடிக்கவில்லை. காறை எலும்பு முறிந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு நாளாக பிரேக் ஊளையிட்டதாம். பூசைக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று அவரே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடைப் புதிதாக மாட்டி, செயினுக்கு ஸ்பிரே அடித்திருந்தார். புது பேட் பழகும்வரை சத்தம் போடும் என்று விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி லெட்சுமி அக்கா சைக்கிளை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். விற்றுவிடுங்கள் என்றார். அண்ணன் வீட்டிலிருந்த அலன் கீ, பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். "என் கைக்கு எதுவும் வராதுன்னு ஒரே பேச்சு தம்பி. இப்ப ஒரு பல்பு மாட்டக்கூட மாட்டேங்கிறாரு."

அக்கா போனதும் முதலாளி ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தச் சைக்கிளைக் காட்டி, வீடியோ பார்த்து சர்வீஸ் செய்தால் இந்தக் கதிதான் என்றார்.

நான் பின்னால் கொண்டுபோய்க் கழற்றினேன். பின் பிரேக்கில் செயின் ஸ்பிரே வாடை குப்பென்று வந்தது. சக்கரத்தைச் சுற்றவிட்டு ஸ்பிரே அடித்தால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து டிஸ்க்கில் படியும். வீட்டில் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அண்ணன் தவறுதான்.

முன் பிரேக்கில் அந்த வாடை இல்லை. பேட் வழவழவென்று மின்னியது. சேண்ட் பேப்பரில் தேய்த்தபோது சந்தனம் மணந்தது. டிஸ்க் ஓட்டைகளில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

பின் பிரேக் போயிருந்தாலும் முன்னது பிடித்திருந்தால் அவர் நின்றிருப்பார். முன்னது போயிருந்தாலும் பின்னது பிடித்திருந்தால் கொஞ்சம் தள்ளியாவது நின்றிருப்பார். அப்படியென்றால் அவரை விழவைத்தது யார்? இதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்றும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேடை முதலாளியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மணியம், சாமி காரியம் லா இது. வெளிய பேசாத. கடை பேரு போயிரும்."

அவர் பயந்தது சாமிக்கா கடைக்கா என்று எனக்குப் புரியவில்லை.

4. இரண்டு தடவை போனேன்

நான் வாயைத் திறக்காவிட்டால் அண்ணன் இனி எதையும் தொடமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. விற்பனை அட்டை எழுதி வைத்திருந்தார் முதலாளி. அதை நான் சைக்கிளில் மாட்டவில்லை.

தீபாவளி அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். முறுக்கு சாப்பிட்டேன், ரெண்டாங் கறிப் பிரட்டலோடு நாசி இம்பிட் சோற்றுக்கட்டி சாப்பிட்டேன், ஆரஞ்சுப் பழப் பையை அக்காவிடம் கொடுத்தேன், வந்துவிட்டேன். வாசல் தாண்டிய பிறகுதான் எதற்காகப் போனேன் என்பது முழுசாக உறைத்தது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அண்ணன் கையைத் தூக்குத்துணியில் மாட்டியபடி வெளியே வந்தார். உள்ளே வா என்றார். உள்ளே போனால் மறுபடி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று பயந்து, அங்கேயே சொன்னேன். எண்ணெய் விட்டுக் குழைத்ததைச் சொன்னேன். டிஸ்க்கில் வைத்ததைச் சொன்னேன்.

அவர் தூக்குத்துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நாலு வாரமா நான் ஒரு மடையன்னு நெனச்சுகிட்டு படுத்துக் கெடந்தேன் லா" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப பின் பிரேக்கு?"

"அது நீங்கதாண்ணே. செயின் ஸ்பிரே."

லெட்சுமி அக்கா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ரெண்டு பேரும் பேசி வச்சு என் தாலியில கை வச்சிருக்கீங்க" என்றார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எலும்பு வலித்து, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாளே சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னார். பின் பிரேக்குக்குப் புது பேடை ஒரே கையால் அவரே மாட்டினார். சக்கரத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். முன் பிரேக்கை நான் மாட்ட, அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிஸ்க்குகளை ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தோம். இரண்டும் சரி என்று நாங்கள் சொன்னதை அக்கா நம்பவில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார், நகரவில்லை. அதை விட்டுப் பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளினார், நகரவில்லை. பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார்.

முதலாளியிடமும் சொன்னேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அண்ணன் கதையை வாடிக்கையாளர்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வீட்டில் செய்தாலும் கடையில் கொடுத்தாலும் தவறு நடக்கும். எந்தக் கை பட்டாலும், பூசைக்கே வைத்திருந்தாலும், சாலையில் இறங்கும் முன் லெட்சுமி அக்கா செய்த மாதிரி ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், நன்றாக இருக்கும் ஒன்று கெட்டுப்போன இன்னொன்றை மறைத்துவிடும்.

அண்ணன் பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஓட்டுகிறார். சர்வீஸும் அவரேதான். டேம் இறக்கம் வந்தால் மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறார். அது பயமா, புத்தியா என்று நான் கேட்கவில்லை. நானும் கூடவே இறங்கி உருட்டுகிறேன்.

ஞாயிறு, 17 ஆகஸ்ட் 2025