விதித்தாளின் கடைசி வரி

காரைக்குடியில், வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். முதல் நாளே வகுப்பு விதிகளை அச்சிட்டுக் கொடுப்பேன். கடைசி விதியில் எனக்குத் தனிப் பெருமை: ‘ஒவ்வொரு பாடத்துக்கும் நம் ஊரிலிருந்து ஒரு சான்று கொண்டுவர வேண்டும்.’

கறுப்பின மக்களுக்குத் தனிக் குடிநீர்க் குழாய் வைத்திருந்ததைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மறுநாள் செல்வி ஒரு புகைப்படம் கொண்டுவந்தாள். அவள் அம்மா எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்குபவர்; அந்தச் சலுகையில்தான் செல்விக்கு இங்கே இடம். படத்தில், ஆசிரியர் அறை ஜன்னலில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்.

“யாரோடது இது?”

“எங்கம்மாவோடது மிஸ். நீங்கதானே தனியா எடுத்து வச்சீக.”

படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். “அடுத்து யாரு?” என்றேன்.

மாலையில் படத்தை முதல்வரிடம் கொடுத்தேன். “ஆசிரியர் அறையப் படம் எடுத்திருக்கா சார்” என்று மட்டும் சொன்னேன். அவர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் பெருக்க வேறொரு பெண் வந்தார். செல்வியின் இடம் காலியாக இருந்தது. டம்ளர் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

இன்றும் அந்தப் பாடத்தை உருக்கமாகத்தான் நடத்துகிறேன். விதித்தாளில் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.