பனியை மறித்த கற்பூரம்

மே மாதக் கடைசியில் எங்கள் லொட்ஜில் வேலை தொடங்கிவிடும். மெல்பேர்னிலிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற பனிச்சறுக்கு மலை அது. கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, மெத்தைகளை நிமிர்த்தி, கம்பளிகளை உதறி, எலிப் புழுக்கை கூட்டி, குசினி அடுப்பில் ஒட்டிக் கிடக்கும் பழைய எண்ணெயைச் சுரண்ட வேண்டும். ஜூன் மாத நீண்ட வார இறுதியில் மலை திறந்துவிடும். பனி விழுந்தாலும் திறக்கும், விழாவிட்டாலும் திறக்கும். விழாவிட்டால் சனம் வராது, அவ்வளவுதான். "பனி இல்லையென்றால் நாங்கள் மேட்டில் நிற்கிற மாடுகள்" என்பார் எங்கள் மனேஜர், நெட்டையான வெள்ளைக்காரப் பெண். ஆங்கிலத்தில்தான் சொல்வார். எனக்குள் அது தமிழாகவே தங்கிவிட்டது.

2012இல் அறைகள் துப்புரவுக்கு நான் பொறுப்பு. வாடகைச் சப்பாத்து அறைக்கு ஓர் ஆள் தேவை என்று மனேஜர் சொன்னபோது எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொன்னேன். வன்னியில் ஷெல்லடிக்குள்ளால் தப்பி, படகில் வந்தவர். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டிருந்தார்கள். தற்காலிக விசாவில் வேலை செய்ய அனுமதியும் கிடைத்திருந்தது. யாரோ ஒருவர் வீட்டு ஹோலில் படுத்துக்கொண்டிருந்தார். மலையில் படுக்க இடமும் உண்டு என்று நான் சொன்னதை நம்பி, அந்த ஹோலையும் விட்டுவிட்டு ஏறி வந்தார். நாற்பதைத் தொட்ட மனிதர். என்னை அக்கா என்பார்.

பனிச்சறுக்குச் சப்பாத்துகளின் கொக்கிகளைச் சரிபார்த்துத் துடைத்து அளவுப்படி அடுக்குவது அவருடைய வேலை. முதல் நாள் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது ஓடுறதுக்குப் போடுறதோ, ஓடாமல் இருக்கப் போட்டு விடுறதோ?"

மலை திறக்கும் வரைக்கும்தான் அவருக்கு வேலை நிச்சயம். அதற்குப் பிறகு பனி விழுந்தால் வைத்திருப்பார்கள், விழாவிட்டால் கீழே அனுப்பிவிடுவார்கள். விடிந்ததும் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"இண்டைக்கு வருமோ அக்கா?"

"வரும் தம்பி, வரும்."

என் வாய் அப்படிச் சொன்னது. மனம் வேறு பக்கம் நின்றது. அதே வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை, என் அண்ணன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபம் அந்த நாளுக்குத்தான் கிடைத்திருந்தது. பிள்ளைக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே மாமி நான். பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க நான் நிற்க வேண்டும். அண்ணி போனில் பிடித்துக்கொண்டார்.

"நீர் வராட்டிச் சொல்லும். உம்மட மலையில சப்பாத்து வாடகைக்குக் குடுக்கிற மாதிரி நானும் ஒரு மாமியை வாடகைக்குப் பிடிக்கிறன்."

மனேஜரிடம் கேட்டேன். பனி விழுந்தால் ஒருவரையும் விட முடியாது, விழாவிட்டால் தாராளமாகப் போய் வா என்றார். அன்றிலிருந்து மெல்பேர்னில் த பேசின் என்ற இடத்துக் கோயில் பிள்ளையாரை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஞாயிறு முடியுமட்டும் மேகத்தைக் கட்டிப் பிடி அப்பனே என்று, தலையணை உறை மாற்றும்போதெல்லாம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய எல்லோரும் வெளியே கூடினோம். பழைய சறுக்குப் பலகைகளை எரித்துப் பனியைக் கூப்பிடுவது அந்த மலைக்காரருடைய வழக்கம். தீ நன்றாகப் பிடித்ததும் மனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். "உங்கள் கடவுளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்" என்றார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். தம்பி பகிடியாக எடுக்கவில்லை. அறைக்கு ஓடிப்போய்க் கற்பூரப் பெட்டியோடு வந்தார். பனி அள்ளுகிற சவளைக் கழுவி, அதன்மேல் கட்டிகளை வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் மூத்த ஆள். நீங்கள் கொளுத்துங்கோ அக்கா."

கொளுத்தினேன். சவளைப் பிடித்து மலையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன். சமையல்காரர், லிஃப்ட் ஓட்டுகிற பையன்கள், மனேஜர், எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். அத்தனை பேருக்கும் முன்னால் நின்று நான் கேட்டது, இன்னும் இரண்டு நாள் பொறு பிள்ளையாரே என்றுதான்.

சனிக்கிழமை மழைதான் பெய்தது. வெறும் லிஃப்ட் கதிரைகள் நனைந்து நனைந்து ஏறி இறங்கின. நான் பஸ் ஏறினேன். தம்பிதான் என் பையைக் கொண்டுவந்து வைத்தார். "சந்தோசமாப் போட்டு வாங்கோ. பிள்ளைக்கு என்ர ஆசீர்வாதத்தையும் சொல்லுங்கோ" என்றார்.

சடங்கு நன்றாக நடந்தது. தண்ணீர் வார்த்தேன், ஆராத்தி எடுத்தேன். "பிள்ளையார் கண் திறந்திட்டார், மாமி வந்திட்டா" என்று அண்ணி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வைத்த பலகாரத்தைத் தம்பிக்கென்று சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் திரும்பி ஏறினேன். சப்பாத்து அறையில் எல்லாம் அளவுப்படி வரிசையாக இருந்தன. ஆள் இல்லை. காலை பஸ்ஸில் அனுப்பிவிட்டார்களாம். வழியில் நான் வந்த பஸ்ஸைக் கண்டிருந்தால் கை காட்டியிருக்கக்கூடிய மனிதர். அவர் விட்டுவந்த ஹோலில் அதற்குள் வேறு ஒருவர் படுத்துவிட்டார். தம்பி மில்டுரா பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டப் போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன்.

ஜூன் முடிவதற்குள் பனி கொட்டியது. வாசல் படிகள் மூடிப்போயின. அவரைக் கூப்பிடு என்றார் மனேஜர். தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"இல்லை அக்கா. கொடி வெட்டி முடியுமட்டும் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். இடையில விட்டிட்டு வந்தால், எனக்குப் பிறகு வாற பெடியளுக்குத் தோட்டக்காரன் வேலை தரமாட்டான்."

"தம்பி, அண்டைக்கு அந்தக் கற்பூரம்..." என்று தொடங்கினேன்.

"அதை விடுங்கோ. பிழை என்னிலதான். பெட்டி ஈரம் பிடிச்சுக் கிடந்தது, எனக்குத் தெரியும். ஈரக் கற்பூரம் கொளுத்தினால் சாமி பிந்தித்தானே வரும்."

அன்று நான் வேண்டியதைச் சொல்லுமுன் அவர் வேறு கதைக்குத் தாவிவிட்டார்.

"சரி, சொல்லுங்கோ. ஸ்னோ எப்பிடி?"

நான் யன்னலோரம் நின்றிருந்தேன். வெளியே அப்படியொரு வெள்ளை. "பெரிசா ஒண்டுமில்லை தம்பி. ஈரம். கால் விறைக்கும். நடக்கேலாது" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ. விழேக்க எப்பிடிச் சத்தம் வரும்?"

"சத்தமே இல்லை தம்பி. விழுறது கேக்காது."

தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது போனில் கேட்டது.

"மேலால வாற சாமான் சத்தமில்லாமல் விழுமெண்டால்," என்றார், "அதை நான் ஒருக்காப் பார்க்கத்தான் வேணும்."

ஓம் தம்பி என்றேன்.