மாசத்துக்கு எவ்வளவு தூரம்

எங்கட வீட்ல டீசலா பெற்றோலா என்ற சண்டை பத்து வருசத்துக்கு மேல நடந்தது. மற்ற வீடுகள்ல காணிக்குச் சண்டை பிடிப்பாங்க, சீதனத்துக்குச் சண்டை பிடிப்பாங்க. நானும் வாப்பாவும் எண்ணெய்க்குச் சண்டை பிடிச்சம். நான் பெற்றோல் பக்கம், அவர் டீசல் பக்கம். நடுவில உம்மா கையில தேசிக்காயோட இருந்தா.

வாப்பா வாழ்க்கை முழுக்க லொறி ஓட்டினவர். தொண்ணூறில புலிகள் முஸ்லிம் சனங்கள் எங்கள மன்னார்ப் பக்கத்து ஊரில இருந்து வெளியேத்தினப்ப, சொந்த லொறிய முற்றத்திலேயே விட்டுட்டுத்தான் வந்தார். புத்தளத்துக்கு வந்த பிறகு ஊரார்ட லொறிகள்ல உப்பும் வெங்காயமும் ஏத்தி எங்கள வளர்த்தார். நான் அப்ப சின்னப் பிள்ளை. எனக்கு முகாமில இருந்த ஓலைக் குடிசையும், பிறகு கட்டின இந்தக் கல்வீடும்தான் தெரியும். வாப்பாவுக்கு அப்படி இல்ல. இவ்வளவு காலம் இருந்தும் புத்தளத்த அவர் ஒரு நாளும் ஊர் என்று சொன்னதில்ல. 'இங்க' என்றுதான் சொல்லுவார். ஊர் என்றா அது அங்கதான்.

யுத்தம் முடிஞ்சு ரோட்டு திறந்த கையோட அவர் செய்த முதல் வேலை வான் தேடினது. எங்கட தெருமுனையில கராஜ் வெச்சிருக்கிற, நான் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுற மனுசன்ட்டப் போனம். வாகனம் வாங்க வாற எல்லார்ட்டயும் அந்த மனுசன் கேக்கிறது ஒரே கேள்விதான்: "மாசத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவீங்க?" தூரம் ஓடுறவனுக்கு டீசல், கிட்டக் கிட்டச் சுத்துறவனுக்குப் பெற்றோல். அவ்வளவுதான் அவர்ட கணக்கு.

வாப்பா நெஞ்ச நிமித்திக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு கிழமையும் ஊருக்குப் போய் வரணும் தம்பி. வீடு கட்டச் சாமான் ஏத்தணும். வீடு முடிஞ்சா குடும்பத்தோட அங்கேயே போயிருவம்."

"அப்ப டீசல்தான் மாமா, வேற கதையே இல்ல" என்றார் நானா.

அப்படித்தான் அந்தப் பழைய டீசல் வான் எங்கட வாசலுக்கு வந்தது. என்ன சத்தம்! அது தெருமுனையில திரும்பக்குள்ளயே வீட்ல தேத்தண்ணிக்குத் தண்ணி வெச்சிருவம். ஓட்டத்தில குறை சொல்ல ஏலாது. எலுவன்குளத்தால காட்டு ரோட்டில போய், பத்தை மண்டிக் கிடந்த எங்கட பழைய வீட்டு வளவ வெட்டித் துப்பரவாக்கி, அத்திவாரம் போட்டு, சுவர் ஜன்னல் மட்டம் வரைக்கும் எழும்பினது அந்த வான்ட புண்ணியத்திலதான்.

ஆனா உம்மாவுக்கு டீசல் மணம் ஒத்து வராது. ஏறின நேரம் தொட்டு பிரட்டாம இருக்கத் தேசிக்காய மூக்கில வெச்சுக்கொண்டு பின் சீட்ல இருப்பா. எலுவன்குளம் வரைக்கும் ஒரு மாதிரிச் சமாளிப்பா. சில்லு குழியில விழுந்து எழும்பத் தொடங்கினா, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று இறங்கி, தின்றதெல்லாம் வெளியில வர ரோட்டோரமா சத்தி எடுப்பா. வாப்பா தண்ணிப் போத்தலோட பக்கத்தில நிற்பார். ஒரு நாள் முகத்தைக் கழுவிட்டு என்ட காதுக்குள்ள கேட்டா. "பெற்றோல் காரென்றா இப்படி மணக்காது என்ன மகள்?"

அன்றையில இருந்துதான் நான் பெற்றோல் பக்கம். சும்மா விடுவனா? டீசல் மலிவுதான், லீற்றருக்குக் கூடத் தூரம் ஓடும்தான், அதெல்லாம் சரி. டீசல் பம்ப் பழுதானா? ஒரு சாமானுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டி வந்தா? மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரு ரிப்பேரில போயிருமே! வாப்பா அசைய மாட்டார். "நடுக்காட்டில நின்றா உன்ட பெற்றோல் கார யானையா தள்ளும்?" என்று சிரிப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

உண்மையில நாங்க எண்ணெயப் பற்றிக் கதைக்கல்ல. நான் இங்க ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறன், என்ட பிள்ளைகள் இங்க படிக்குதுகள், அவர் கட்டுற வீட்டுக்கு ஆர் போகப் போறது? அத நான் வாய் திறந்து சொல்லல்ல. அந்த வான் வாசல்ல நிற்கிற வரைக்கும் நாங்க ஊருக்குப் போற ஆக்கள், அத வித்தா ஊர வித்த மாதிரி. வாப்பாட மனசில இருந்தது அதுதான். அத அவரும் சொல்லல்ல.

பிறகு, சரணாலயக் காடு என்று அந்தக் காட்டு ரோட்ட மூடினாங்க. அநுராதபுரத்தால சுத்திப் போக வேண்டி வந்தது. "பார்த்தியா, இப்பதான் டீசல்ட அருமை தெரியும்" என்றார். கிழமைக்கு ஒருக்காப் போனது மாசத்துக்கு ஒருக்காவாச்சு. எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து நாள்கணக்கா கியூவில கிடந்தப்ப அதுவும் நின்றது. தட்டுப்பாடு தீர்ந்த நேரம் உம்மாட சிறுநீரகம் பழுதாகிட்டு.

அதுக்குப் பிறகு வான் ஓடினதெல்லாம் வீட்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். எஞ்சின் சூடாக முன்னமே போய்ச் சேர்ந்திரும். உம்மா வழமை போல தேசிக்காயோட பின் சீட்ல இருந்தா. அந்தக் கிட்டத் தூரத்துக்கே அவவுக்குப் பிரட்டும். நான் முன் சீட்ல இருந்து பல்லக் கடிச்சுக்கொண்டு வந்தன்.

உம்மா மவுத்தானா. இங்க மையவாடியில அடக்கினம்.

நாற்பதாம் நாள் கழிய முன்னமே வானும் படுத்திட்டு. காலையில எஞ்சின் பத்தாது, பத்தினா தெரு முழுக்கக் கறுப்புப் புகை. தள்ளிக்கொண்டுதான் கராஜுக்குப் போனம். "டீசல் எஞ்சினுக்கு ஓடக் கிடைக்கணும் மாமா. இப்படிக் கிட்டக் கிட்ட ஓடினா கரி பிடிச்சிரும்" என்றார் நானா. பம்பச் செய்யலாம், செலவு பெரிசு. இல்லாட்டி நுரைச்சோலையில மரக்கறி ஏத்துற ஒருத்தர் வானக் கேட்டிருக்கிறார், குடுத்துட்டு ஒரு சின்னப் பெற்றோல் கார் எடுக்கலாம். என்ன செய்ய? பழக்க தோசத்தில மனுசன் அதே கேள்வியக் கேட்டுட்டார். "மாசத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவீங்க மாமா?"

வாப்பா வானடிக்குப் போனார். கதவத் திறந்து பின் சீட்டப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டால தொழப் பள்ளிக்கு. பள்ளியால மையவாடிக்கு. அவ்வளவுதான் தம்பி."

"அப்ப பெற்றோலே காணும், டீசல் தேவையில்ல" என்றார் நானா.

நான் தானே வென்றன்? ஆனா, "இல்ல நானா, பம்பச் செய்ங்க!" என்று கத்தினன். "டீசலே இருக்கட்டும். ஸ்கூல் லீவு விட்டதும் வாப்பாவ நான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவன். சுவர் அப்படியே நிற்குது. கூரையப் போட்டா முடிஞ்சுது."

வாப்பா என்னைப் பார்த்தார். "உனக்கென்ன விசரா மகள்? இவ்வளவு காலமா நீ சொன்ன கணக்கெல்லாம் எங்க?" வான் கதவச் சாத்தினார். "உம்மாவ இங்க விட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போற?"

நுரைச்சோலைக்காரர் வந்து வானக் கொண்டு போனார். தெருமுனையில திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் கேட்டது. நான் குசினிக்குள்ள போய் நின்று அழுதன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாப்பாவப் புதுசா எடுத்த பெற்றோல் கார்ல மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனன். சத்தமே இல்ல, மணமே இல்ல. கேற்றடியில நிப்பாட்டினன். வாப்பா இறங்காம, ஒருக்கா மூச்ச இழுத்துப் பார்த்தார். பின் சீட்டத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல என்றா அவ சத்தி எடுக்காம வந்திருப்பா" என்றார்.