தண்டவாளம் இல்லாத ரயிலில் உட்கார்ந்தவர்கள்

ரயில் என்றால் தண்டவாளம் வேண்டும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ரயில் என்று என்ன பேர் வேண்டிக் கிடக்கிறது? அம்பத்தூர் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டே விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர் அவர். பங்களா ஹாலில் பெரிய மேசை போட்டு, ஸ்டேஷன், பாலம், கைகாட்டி எல்லாம் வைத்துப் பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். சீமையில் அவருடைய ஊர்க் கடற்கரையில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, எஞ்சின் வேஷம் போட்ட மோட்டார் ஒன்று திறந்த பெட்டிகளை இழுத்துப் போகுமாம். படத்தைக் காட்டி, மேசை ஸ்டேஷனுக்கு வெளியே நிற்க அப்படி ஒன்று வேண்டும் என்றார்.

யுத்த காலம். ஆவடிப் பக்கமெல்லாம் மிலிட்டரி லாரி. சீமையிலிருந்து பொம்மை எங்கே வரும்? நூம்பலில் கோயில் வாகனம் செய்கிற ஆசாரி நான் அகப்பட்டேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி எஞ்சின் கட்டினேன். கோட்டுப் பொத்தான்கள் சக்கரமாயின. பெட்டிகள் தேக்கு, மேலே கோடு போட்ட துணிக்கூரை. சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே வந்தது.

பெட்டி நிறைய ஆள் வேண்டும் என்றார் துரை. சுண்டுவிரல் உயரத்தில் தொப்பியும் கவுனுமாகச் செதுக்கி உட்காரவைத்தேன். பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுவந்த அண்ணி குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றைக் காட்டி, இது உங்கள் நைனா இல்லையா என்று கேட்டாள்.

அந்தக் கூனல் என்னைப் பெற்ற நைனாவுடையதுதான். பக்கத்தில் அம்மை வார்த்துப் போன என் தங்கை. பின்னால் கிணற்றில் விழுந்த எதிர்வீட்டுக்காரர். சீமை உடுப்பு மாட்டியும் மறையவில்லை. அத்தனை பேரும் செத்தவர்கள். உயிரோடு இருப்பவரை உருவம் செய்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பட்டறையில் செய்யவே மாட்டோம். நான் யோசிக்காமலே கை அந்த வழக்கப்படி போயிருக்கிறது.

கடைசிப் பெட்டியில் ஒருவனுக்கு மட்டும் இன்னும் கண் எழுதவில்லை. இடது தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். என் அண்ணன்.

அண்ணன் ரங்கூனில் மரம் அறுக்கும் மில்லில் இருந்தான். குண்டு விழுந்ததும் காட்டுவழியாக நடந்து ஊர் சேர்ந்த ஒருவன், அண்ணன் காய்ச்சலில் வழியிலேயே படுத்துவிட்டதாகச் சொன்னான். பெரியப்பா, ஏரிக்கரையில் அண்ணனுக்குக் காரியம் செய்ய நாளே குறித்துவிட்டார். தாலியைக் கழற்ற அண்ணி ஒப்பவில்லை. படுத்தார் என்றுதானே சொன்னான், செத்தார் என்றா சொன்னான் என்று ஒரே பிடியாக நின்றாள். நானும் அவள் கட்சிதான். பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். இப்போது என் கையே பெரியப்பா பக்கம் சேர்ந்துவிட்டது.

அடுப்பில் போடலாம் என்று அந்தப் பொம்மையை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணத் தொறப்பா. நான் எதுருல நிக்கிறேன். நான் சுமங்கலிதானே?”

கண் திறக்கும்போது உருவம் முதலில் மங்கலமானதைப் பார்க்க வேண்டும். கண்ணாடி காட்டுவோம், கன்றோடு பசுவை நிறுத்துவோம், சுமங்கலியை நிறுத்துவோம். அதெல்லாம் சாமிக்கு, பொம்மைக்கு இல்லை. ஆனாலும் மையைக் குழைத்தேன். அவள் போய் முகம் கழுவி, குங்குமம் வைத்து, பூ முடித்து வந்து நின்றாள்.

அணில் முடித் தூரிகையால் ஒரு கண்ணை எழுதினேன், பிறகு மற்றதை. உள்ளங்கையில் வைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். மரம் வெதுவெதுவென்று இருந்தது. என் கைச்சூடுதான் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி உற்றுப் பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள்.

“பாக்குறாரு,” என்றாள். “என்ன யாருன்னு தெரியல அவுருக்கு.”

பொம்மையை வாங்கி, அவளே நைனாவுக்கு மறுபக்கத்தில் உட்காரவைத்தாள். பெரியப்பா ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. காரியத்துக்குக் குறித்த நாளில் ஏரிக்கரைக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் அவள் நடந்தாள்.