உளி காய்ச்சும் அரை மணி நேரம்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் மண் சரிந்தது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டியாக வேண்டும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு சேர்த்து ஆறு கல்தச்சர்கள் வந்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வேலை. முதல் அரை மணி நேரம் சின்ன உலை மூட்டி, முந்தின நாள் மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, அடித்து, முனை எடுத்துத் தண்ணீரில் தோய்ப்பார்கள்.

இந்த அரை மணி நேரத்தை எங்கள் அசோசியேஷன் செயலாளர் கேமராப் பதிவில் கண்டுபிடித்தார். மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். உட்கார்ந்திருக்கும் மனிதன் தன்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் சோம்பேறி என்று நம்புபவர்.

"மேஸ்திரி, ஆறு பேரும் குத்த வெச்சு தீ காயுறீங்க. வீடியோ இருக்கு. அதெல்லாம் எட்டுக்கு முந்தி வந்து முடிச்சுக்கணும், கேட்டோ."

"ஒங்க கம்ப்யூட்டரு ஆன் ஆவுற நேரம் யாரு கணக்கு, சாரே?"

"நாங்க ஏழு மணிக்கே மெயில் பாத்து முடிச்சிருவோம். அதை யாரும் வேலைன்னு சொல்றதில்ல." பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்ப ஒங்களுக்குத்தான் சாரே யூனியன் வேணும்."

மற்ற ஐந்து கல்தச்சர்களும் சிரித்தார்கள். செயலாளர் போய்விட்டார்.

மேஸ்திரி என்னிடம் மிச்சத்தைச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் கல்குவாரியில் விடியல் முதல் இருட்டும்வரை வேலை. யூனியன் போராடி எட்டு மணி நேரம் வாங்கியது. முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். தொழிலாளர்கள் குவாரியிலேயே பாயசம் வைத்தார்கள். மறுநாள் முதலாளி சொன்னார்: எட்டு மணி நேரம் கல்லில்; உளி காய்ச்சுவது அதற்கு முன்னால், உங்கள் நேரத்தில்.

"ஏமாந்தது வெளங்கவே ஒரு வாரம் ஆச்சு. பாயசம் குடிச்ச வாயோட மறுபடியும் ஸ்ட்ரைக்கு. முந்தினதவிட நீளம்."

இரண்டாவது வேலைநிறுத்தத்தில்தான் உலை வேலை நேரத்துக்குள் வந்தது. பத்திரிகையில் இருந்த காலத்தில் மே தினத்துக்கு மே தினம் எட்டு மணி நேரம் பற்றிய கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். எல்லாம் பாயசத்தோடு முடிந்துவிடும்.

அசோசியேஷன் கமிட்டி கூடி, திங்கள் முதல் வேலை நேரத்தில் உலை மூட்டக் கூடாது என்று தீர்மானித்தது. யாரும் எதிர்க்கவில்லை. நானும்தான். எழுதத் தெரிந்தவன் என்பதால் நோட்டீஸையும் நானே எழுதினேன்.

மேஸ்திரி படித்துவிட்டு, "செரி" என்றார்.

திங்கள்கிழமை உலை எரியவில்லை. எட்டு முதல் ஐந்து வரை மொட்டை உளிகளால் அடித்தார்கள். செயலாளர் அந்தக் காட்சியை வாட்ஸப் குழுவில் போட்டு, "இதுதான் ஒழுங்கு" என்று எழுதினார். கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து நின்றன. படித்தவர்கள் குடியிருக்கும் வளாகம். ஜன்னலைத் திறந்து சுவரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்லிலிருந்து தூசி மட்டும் வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை, தரைத்தளத்தில் இருக்கும் பள்ளி ஆசிரியை செயலாளரை நிறுத்திக் கேட்டார்: "சுவர் திங்கக்கிழமை நின்ன எடத்துலதானே நிக்குது? மழை பெஞ்சா மண்ணு ஒங்க ஏழாவது மாடிக்கா வரும்? என் அடுக்களைக்குத்தானே வரும்!"

செயலாளர் பின்புறம் சுவர் வேலை நடக்கும் இடத்துக்கு இறங்கிப் போனார். மேஸ்திரியின் மணிக்கட்டு வீங்கி, துண்டால் கட்டியிருந்தது.

"இது வேணும்னே பண்றது, மேஸ்திரி."

"நோட்டீஸ்ல உள்ளபடிதான் செய்யுகோம். எவனாவது குத்த வெச்சிருக்கானான்னு வீடியோவுல பாருங்க, சாரே."

வெள்ளிக்கிழமை காலை, செயலாளர் சொல்லச் சொல்ல நான் எழுதிய புது நோட்டீஸ்: 'தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு, உளி காய்ச்சக் காலையில் அனுமதிக்கப்படுகிறது.' தொழில்நுட்பம் என்ற சொல் இல்லாமல் செயலாளரால் பின்வாங்க முடியவில்லை. மேஸ்திரி இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"காலையிலன்னா எத்தன மணி, சாரே? எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் எழுதிக் குடுத்தானுவ."

'எட்டு மணி முதல், வேலை நேரத்துக்குள்' என்று பேனாவால் சேர்த்தேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் செயலாளர் கையெழுத்துப் போடும்வரை ஆறு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேஸ்திரி கரி மூட்டையை அவிழ்த்தார்.