டாக்டருக்குச் சங்கடம்

என் வீட்டுக்காரர் யார் மனதையும் நோகடிக்காதவர் என்று ஊரே சொல்லும். கூட வாழ்ந்தவளுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். பஸ்ஸில் ஒருவர் இவர் காலை மிதித்தால், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இவர் "பரவாயில்லீங்க" என்று சொல்லியிருப்பார்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. போன வருடம் ஒரு நாள், வரப்பு ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்றார். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் வந்து, அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஆஞ்சியோ எடுத்ததில் ஒரு ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, ரெண்டுங்கெட்டான் அடைப்பு.

டாக்டர் பொறுமையானவர். எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இத ரெண்டு விதமாப் பார்க்கலாம். குழாய்க்குள்ள சின்னக் கருவி ஒண்ண விட்டு உள்பக்கத்தப் படம் எடுக்கலாம். இல்லேன்னா மெல்லிசான கம்பி ஒண்ண விட்டு, அடைப்புக்கு முன்னாடி அழுத்தம் எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு அளக்கலாம். ரத்தம் போதுமான அளவு போகுதுன்னா அடைப்ப விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையே போதும்."

மகனுக்குப் படம்தான் பிடித்தது. "கண்ணுல பாத்துப்போட்டு ஸ்டென்ட்ட வெச்சுட்டா நிம்மதிங்க" என்றான். ஆனால் இவர் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டது. எங்கள் தோப்பில் சொட்டுநீர் பாய்கிறது. ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டர், பின்னால் ஒரு மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால்தான் இவர் அதைக் கழற்றிக் கழுவுவார். "அதேதானுங்களே இது" என்று டாக்டரிடம் சொன்னார். எனக்கும் அளப்பதே நியாயமாகப் பட்டது. "அளந்தே பாருங்க" என்று நானும் சொன்னேன்.

அளந்தார்கள். அதற்காக ஒரு மருந்து ஏற்றும்போது நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருந்ததாம். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கறனுங்க" என்றாராம். வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார். நான் சிரித்தேன்.

ரத்தம் நன்றாகவே போகிறது, ஸ்டென்ட் வேண்டாம் என்று டாக்டர் முடிவு சொன்னார். "மாத்திரைய விடாதீங்க. வலி திரும்ப வந்தா யோசிக்காம வந்துடுங்க" என்றார். "சரிங்க" என்றார் இவர். அடுத்த முறை போகும்போது தோப்பிலிருந்து இரண்டு குலை இளநீர் வெட்டிக்கொண்டு போனார். போகிற கல்யாணங்களில் எல்லாம் அந்த டாக்டர் புராணம்தான். தேவையில்லாமல் கை வைக்காத மனுஷன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

இந்த வருடம் ஒரு காலையில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மகன் சொன்னான். "அன்னைக்கே படம் எடுத்து ஸ்டென்ட் வெச்சிருந்தா அப்பா இருந்திருப்பாருங்மா." என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அளந்து பாருங்கள் என்று சொன்னவள் நான் அல்லவா? அந்தச் சொல் என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. என் வாயால்தான் அவர் போனாரா என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் துக்கம் கேட்க வந்தார். "ஏனுங்கக்கா, உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா? கொஞ்ச நாளாவே வரப்புல நின்னு நின்னுதான் வருவாருங்க. டாக்டர்கிட்டப் போலாமுங்கன்னு நானும் சொன்னேன். டாக்டரு அளந்து பாத்து ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியிருக்காரு, இப்பப் போயி வலிக்குதுன்னு நின்னா சங்கடப்படுவாருங்கன்னுட்டாரு."

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உயிர் போகிற வலியிலும் ஒருவருக்கு மரியாதை பார்ப்பாரா ஒரு மனுஷன்? டாக்டருக்குச் சங்கடமாம். அப்படியானால் நான் யார்?

மகனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். இவர் போய்விட்ட செய்தியைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். படம் எடுத்துச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நேராகவே கேட்டேன்.

"ரெண்டுமே நல்ல முறைதாம்மா. அன்னைக்கு ரத்தம் நல்லாத்தான் போச்சு. ஆனா அன்னைக்கு அளந்தது அன்னைக்கு நெலமைக்கு. அப்புறம் மாறியிருக்கலாம். இல்ல, வேற குழாய்ல வந்திருக்கலாம். எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "வலி ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு என்னம்மா சங்கடம்? வந்திருந்தா திரும்பவும் பாத்திருப்பேன். அவ்வளவுதானே."

அவ்வளவுதானாம். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். நான் மட்டும் தெரிந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.